‘போர்ட்’ என்றால் துறைமுகம் மட்டுமல்ல

யுத்தத்தின் கடைசி வருடங்களில் ஒரு திங்கட்கிழமை நடந்தது இது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் வாடகைக்கு இருந்தோம். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள்; சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் அளவுக்குத்தான் அவருக்குச் சிங்களம் தெரியும்.

அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் நெட்வேர்க் போட்டுக் கொடுக்கும் சின்ன நிறுவனமொன்றில் அவருக்கு வேலை. கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய அலுவலகத்தின் பொறுப்பு முதல்முறையாக அவர் கைக்கு வந்திருந்தது. இரண்டு சுவிட்சுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, சனி ஞாயிறு முழுக்கச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பழகினார். லைட் போடுகிற சுவிட்ச் அல்ல. வரிசையாகத் துளைகள் வைத்த தட்டைப் பெட்டி, கம்ப்யூட்டர் வயர்களெல்லாம் வந்து சேரும் இடம். மறந்துபோகாமல் இருக்க ஒன்றில் ‘ரூட் பிரிட்ஜ்’ என்றும், மற்றதில் ‘போர்ட் 12 ப்ளொக்’ என்றும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினார். சோறு வைக்க இடமில்லை என்று நான் சண்டை பிடித்தேன்.

“கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை எல்லாம் போயிடும்” என்றார்.

அந்தத் திங்கட்கிழமை காலை அவரும், கூட வேலை செய்யும் சிங்கள நண்பரும் பஸ்ஸில் போகும்போது பிரதான வீதியான காலி வீதியில் சோதனைக்கு இறக்கியிருக்கிறார்கள். பையைத் திறந்தால் ‘பிரிட்ஜ்’, ‘போர்ட்’, ‘ப்ளொக்’. பாலம், துறைமுகம், அடைப்பது. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். இதற்கு மேல் என்ன வேண்டும்? பதற்றத்தில் இவருக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களமும் வாயில் வரவில்லை. குறுக்கே பேசப் போன நண்பரின் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டு, அவரை விரட்டிவிட்டு, இவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

நண்பர் எனக்குக் கோல் எடுத்தார். பொலிஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் சந்தித்தோம். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. ‘நங்கி’, அதாவது தங்கச்சி என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

“நங்கி, உள்ள வர எனக்குப் பயமா இருக்கு. வீட்டில கைக்குழந்தை. ஆனா என்ன சொல்லவேணும் எண்டு சொல்லித் தாறன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாட்களில் பயப்படாதவர் யார்? மூன்று பிளேன்டீ கிளாஸ்களை முக்கோணமாக வைத்து விளக்கினார். ஒரு வயர் அறுந்தாலும் மற்ற வழியால் போகட்டும் என்று சுவிட்சுகளைச் சுற்றிவரத் தொடுப்பார்களாம். ஆனால் வட்டமாகிவிட்டால் ஒரு செய்தி நிற்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, எல்லாக் கம்ப்யூட்டரையும் முடக்கிவிடுமாம். அதனால் சுவிட்சுகள் தங்களுக்குள் ஒன்றைத் தலைவனாக்கும். அதுதான் ரூட் பிரிட்ஜ். பிறகு ஒரு துளையை மட்டும் அடைத்து வைக்கும். போர்ட் என்பது அந்தத் துளைதான். வேறு வயர் அறுந்தால் அது தானாகத் திறந்துகொள்ளும். கணக்குப் பிரிவு, களஞ்சியம் என்று ஒரே பெட்டிக்குள் தனித்தனி நெட்வேர்க் பிரித்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவன், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைப்பு. பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரித் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, வீதியைக் கடந்து படியேறினேன்.

உள்ளே இருந்த அதிகாரி நடுத்தர வயதுக்காரர். “எந்தப் பாலம்? துறைமுகத்தில எதை அடைக்கப் பாக்கிறார்?” என்றுதான் தொடங்கினார்.

அனுமதி கேட்டு, அவர் மேசையிலிருந்த ஸ்டேப்ளரையும் இறப்பர் முத்திரையையும் தண்ணீர்க் கிளாஸையும் முக்கோணமாக வைத்தேன். சிங்களம் தடுமாறாமல் வந்தது. முதலில் கதிரையில் சாய்ந்திருந்தவர், போகப் போக முன்னுக்கு வந்தார்.

“அடைச்சு வைச்ச வழியும் தேவைதானா அப்ப?”

“ஓம் மஹத்தயா. மற்றது அறுந்தா அதுதான் காப்பாத்தும்.”

முத்திரையைக் கையில் எடுத்து, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். “விளங்குது” என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு உயிர் வந்தது. “அப்ப அவரை விடுவீங்களா?”

அவர் வாசலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “மகள், அவர் இங்க இல்லை. கொஞ்சம் முந்தித்தான் வேற ஆக்கள் வந்து ஏத்திக்கொண்டு போனாங்க. எங்க எண்டு எனக்கும் சொல்லயில்லை.” பிறகு மேசைக்குக் கீழேயிருந்து பையை எடுத்து நீட்டினார். “இதில ஒரு பிரச்சினையும் இல்லை. கொண்டு போங்க.”

நண்பர் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என் கையில் பையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. பையை வாங்கிக்கொண்டு, நடைபாதையில் நின்றபடியே அழுதார்.

அதன் பிறகு நான் ஏறாத அலுவலகமில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கும் போய் மணிக்கணக்காக முழங்காலில் நின்றேன். மழைக்காலம் போய், புது வருடமும் பிறந்த பிறகு, குற்றம் எதுவும் இல்லை என்று அவரை விட்டார்கள். தாடியும் எலும்புமாக வந்தார். வலது கை விரல்கள் முன்போல மடங்கவில்லை. நெட்வேர்க் வயரின் நுனியில் எட்டு மெல்லிய கம்பிகளை நிறவரிசையில் அடுக்கி, பிளக்கைப் பொருத்தவேண்டும். அது அவரால் முடியாமல் போயிற்று. வேலையும் போயிற்று.

நண்பர்தான் சின்னச் சின்ன வேலைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். நான் கம்பிகளைப் பிரித்துப் பிடிப்பேன். என் கணவர் பக்கத்தில் இருந்து சொல்லுவார்: “வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம்... அவசரப்படாதையும்.” நாள் முழுக்க அவர் குரல் வீட்டில் கேட்பது அந்த நேரத்தில் மட்டும்தான்.

விளங்கப்படுத்திவிட்டால் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நம்பித்தான் அன்று படியேறினேன்; விளங்கிக்கொண்ட மனிதராலும் ஒன்றும் செய்ய முடியாத காலம் அது என்பதை இத்தனை வருடம் கழித்தும் என் மனம் ஏற்றுக்கொள்ள மறுக்கிறது.