எழுந்திருக்காமல் கட்டிய மாலை

பெருமாளை நம்புகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். படிப்பு ஐந்தாவது வரைதான். நடந்ததைச் சொல்கிறேன்.

எட்டு வருடம் முன்பு ஜீயபுரத்தில் தென்னை மரத்திலிருந்து விழுந்தேன். இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அதன்பிறகு ஸ்ரீரங்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து துளசி மாலை கட்டுகிறேன்.

பெருமாளுக்கு என்று வாழைநாரைக் கையில் எடுத்தால் மாலை முடியும்வரை அசையக் கூடாது. எங்கள் வீட்டு வழக்கம். புண் வராமல் இருக்கக் கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் தூக்கவில்லை. பக்தி என்று நினைத்தேன்.

போன ஆடியில் உட்காரும் இடத்தில் புண். வலி தெரியாது. நாற்றம்தான் தெரிந்தது. என் மனைவி செல்வி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே எலும்பு தெரிந்ததாம்.

திருச்சியில் ஆபரேஷன். செத்த சதையை வெட்டி, எலும்பு முனையைச் சீவி, தொடைச் சதையைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். வாரக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும். இது சேராவிட்டால் உட்காருவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். உட்காராவிட்டால் எனக்கு மாலை இல்லை. சோறும் இல்லை.

"மார்கழிக்குள் உட்கார வை" என்று பெருமாளிடம் கேட்டேன்.

அடுத்த கட்டிலில் பஷீர் பாய். வெளிநாட்டில் லாரி ஓட்டி, விபத்தில் முதுகு உடைந்தவர். ஒரே நாளில் இருவருக்கும் அதே ஆபரேஷன். அவருக்குச் சேர்ந்தது. எனக்கு ஓரத்தில் தையல் பிரிந்தது.

வயிறு எரிந்தது. அவர் தூங்கினால் எரிந்தது. சிரித்தால் எரிந்தது. பெருமாள் மேலும் பொறாமை. 'காலம் காலமாகப் படுத்திருக்கிறாய். உனக்கு ஒரு புண் உண்டா?' என்று கேட்டேன். ஒரு நாள் அதைவிடக் கேவலமாகக் கேட்டேன். 'அந்த ஆளுக்கும் பிரியட்டும்.'

அவரைப் பத்து நிமிஷம் உட்கார வைத்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. நானும் உட்கார்ந்தால் என்ன என்று கட்டில் கம்பியைப் பிடித்தேன். பாய் பார்த்துவிட்டார்.

"சிஸ்டர்! ஓடி வாங்க! அண்ணன் எந்திரிக்கிறாரு!"

நர்ஸ் வந்து என்னைப் படுக்க வைத்தார்.

"உங்களுக்கு என்ன போச்சு?" என்று பாயிடம் கேட்டேன்.

"உங்க தையல் போயிரும்ல. கோவப்படுங்க. படுத்துக்கிட்டே கோவப்படுங்க."

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அவருக்கும் பிரியட்டும் என்று நான் கேட்டதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

பாய் தலையை என் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்: "நான் உங்களுக்கும் சேத்துத்தான் துவா கேட்டேன். இனிமே யோசிச்சுக் கேக்கணும் போல."

அன்றிலிருந்து இருவருக்கும் கேட்டேன். முதலில் வாய் மட்டும்தான் கேட்டது. மனசு பிறகுதான் வந்தது. பிரிந்த இடத்தை மறுபடி தைத்தார்கள். சேர்ந்தது.

கார்த்திகையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். மார்கழியில் வீட்டில் துளசியை எடுத்தேன். போன் அடித்தது.

"தூக்குனீங்களா?" பாய்.

"மாலை பாதியில இருக்கு பாய்."

"மாலை எங்கயும் ஓடிராது. தூக்குங்க."

கையை ஊன்றினேன். 'ரங்கா' என்று தூக்கினேன். இப்போது கால் மணிக்கு ஒரு தரம் அப்படித்தான். வழக்கம் உடைந்தது. மாலை கோயிலுக்குப் போனது.

பாய் இப்போது தானாகவே ஆட்டோவில் ஏறி இறங்குகிறார். எனக்கு இன்னும் முடியவில்லை. கேட்டால் எரியத்தான் செய்கிறது. எரிந்தால் பெருமாளிடம் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கேட்டேன். ஒன்றைக் கொடுத்தார். பாய்க்குப் பிரியட்டும் என்றதைக் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் அவர் காலில் விழுகிறேன். நீங்களும் மறைக்காமல் கேளுங்கள். எதைத் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.