பருத்திக் காட்டில் வழி தேடிய செய்தி

மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார்கள், சிறு பேட்டரியின் தெம்பில் ஒன்றுக்கொன்று எப்படிச் செய்தி கடத்தும் என்று சங்கரன்கோவில் வீட்டில் உட்கார்ந்து சமன்பாடுகள் எழுதினேன். அது என் முனைவர் பட்ட ஆய்வு. குருவிகுளம் பக்கம் ஒரு சம்சாரியின் பருத்திக் காட்டில் அவற்றை நட்டுவைத்து, ஒருநாள் சோதனைக்காக நடுவில் இருந்த சென்சாரை அணைத்தேன்.

"வழிய அடைச்சிட்டியே, கடைசியில நிக்கது இனி எப்படிம்மா பேசும்?" என்றார் அவர்.

"வேற வழி தேடிக்கிடும் அண்ணாச்சி. அஞ்சு நிமிசத்துக்குள்ளன்னு கணக்கு சொல்லுது."

இருவரும் என் போனையே பார்த்து நின்றோம். அதற்குள்ளாகவே கடைசி சென்சாரின் செய்தி வரப்போரச் சென்சார்கள் வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தது.

"அதுக்கு யாரு வழி சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. தாளில் எழுதியது கரிசலில் அப்படியே நடந்ததைக் கண்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"இன்னொண்ணையும் அணைச்சுப் பாரும்மா" என்றார் மெதுவாக.