இஸ்திரியம்மாவின் பக்கத்துக் கட்டில்

துண்டால் செய்த யானையின் இரண்டு காதுகளையும் பிடித்து ஓர் உதறு உதறினார். யானை போய்த் துண்டு வந்தது. அதை நீளவாக்கில் மூன்றாகவும் அகலவாக்கில் இரண்டாகவும் மடித்து, ஓரங்களை உள்ளங்கையால் நீவி, கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். பிறகுதான் வாசலில் நின்ற அறைப் பணியாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"துண்டுக்கு எதுக்கு தம்பி தும்பிக்கை?"

மீசை நரைத்த அந்தத் தம்பிக்கு இது பழகிப்போயிருந்தது. "கப்பல்ல எல்லாரும் இதைப் பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்துக்கறாங்கம்மா. நீங்க ஒருத்தர்தான் பிரேதப் பரிசோதனை பண்றீங்க."

"நாளைக்கு என்ன பண்ணப்போற?"

"முதலை."

"பண்ணு. நான் எங்க போயிடப்போறேன்."

அவருக்குக் கப்பலில் இஸ்திரியம்மா என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தைக் கட்டி ஆண்டுவிட்டு ஓய்வு பெற்றவர். ஆள் குட்டை, முன்னங்கை மட்டும் மல்யுத்தக்காரருடையது. இழுத்து முடிந்த கொண்டையிலிருந்து ஒரு மயிர்கூட வெளியே வந்து நான் பார்த்ததில்லை. வர நினைத்த மயிரும் பயந்துகொண்டு உள்ளே போயிருக்கும். கேப்டனோடு விருந்துண்ட அன்று அவருடைய வெள்ளைச் சட்டையின் கைமுனையைப் பார்த்து, "சூப்பு. அதுவும் நேத்தைய சூப்பு" என்றார். அதன்பிறகு கேப்டன் எங்களைக் கண்டால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தார். கப்பலை அந்த நேரங்களில் யார் ஓட்டினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

கப்பல் ஒரு வட்டம் சுற்றி, வாரத்துக்கு ஒருமுறை புறப்பட்ட துறைமுகத்துக்கே வந்து நிற்கும். எல்லாரும் பெட்டியோடு இறங்கிப் போவார்கள். இஸ்திரியம்மா மட்டும் தொடர் பயணி என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பார். மத்தியானம் புதுக்கூட்டம் ஏறும். அவருக்கு அதே அறை, அதே கட்டில், அதே வட்டம். மாறுவது பக்கத்துக் கட்டிலில் படுக்கிற ஆள் மட்டும்தான். தனியாக வருகிற பெண்களை இருவர் இருவராக ஒரே அறையில் சேர்த்துப் போடுவது அந்தக் கப்பலின் வழக்கம். யார் வருகிறார் என்பது கதவு திறக்கும்போதுதான் தெரியும். அந்த வாரம் கதவைத் திறந்தவள் நான்.

"வாங்க. சுவர்ப் பக்கத்துக் கட்டில் உங்களோடது" என்றார். "எனக்குக் குறட்டை உண்டு, அதுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு. வேற ஏதாவது குறை கண்டீங்கன்னா மனசுல வெச்சுக்கங்க. கடைசி நாள் கேப்பேன், அப்ப சொல்லுங்க. மூஞ்சிக்காகச் சொல்லக் கூடாது."

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள். கேட்காமலே குறை சொல்லித்தான் எனக்குப் பழக்கம். கேட்டு வாங்குகிற ஒருவரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

குறட்டைக்கான ஏற்பாட்டை அவரே காட்டினார். இரவு உடையின் முதுகில் ஒரு பை தைத்து, அதற்குள் ரப்பர் பந்து ஒன்றைப் போட்டு வாயை மூடியிருந்தார். மல்லாந்தால் பந்து குத்தும். ஒருக்களித்தால் குறட்டை வராது. இந்தப் பந்து வருவதற்கு முன்னால் அவர் விட்ட குறட்டையின் வேகத்தில் கப்பல் ஒரு துறைமுகத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டதாம். குறட்டையைப் பற்றிச் சொன்னவர் அறைப் பணியாளர். கப்பலைப் பற்றிய தகவல் என்னுடையது.

எதற்காக இந்தப் பாடு என்று மூன்றாம் நாள் மேல்தளத்தில் நடக்கும்போது கேட்டேன். நடப்பதென்றால் அவர் நடப்பார், நான் பக்கத்தில் மூச்சு வாங்குவேன்.

"எனக்கு இருக்கறது ஒரே அக்கா, டீச்சர். அத்தான் போனப்புறம் தனியா கிடக்காதேன்னு என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். நாலாம் நாள் பெட்டியைத் தூக்கிட்டா. உன்கூட ஒரு மனுஷி இருப்பாளா, அதுக்கு நான் முதியோர் இல்லத்துலயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டா. அங்க இடமும் பிடிச்சு வெச்சாச்சு."

"ஏனாம்?"

"காரணம் சொல்ற வழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாது. கோவம் வந்தா செருப்பு மாட்டுவோம். அவ்வளவுதான்." தளத்தின் முனைவரை போய்த் திரும்பினார். "நானும் விடலை. ஒரே வாரம், ஒரே ரூம், என்கூட இருந்து பாரு. ஒத்து வரலைன்னா நானே இல்லத்துல கொண்டுவந்து விடறேன்னேன். அடுத்த பயணத்துக்கு வர்றா."

"அதுக்கு எதுக்குங்க கப்பல்?"

"வீட்டுலன்னா நாலாம் நாள் டாக்ஸி கூப்பிடுவா. இங்க கூப்பிடட்டும் பாக்கலாம்."

அக்கா வருவதற்குள் தன் குறைகளையெல்லாம் துவைத்து அலசிப் போட்டுவிட வேண்டும் என்பது அவர் திட்டம். அதற்காகத்தான் முன்கூட்டியே வரிசையாகப் பயணங்களைப் பதிந்துகொண்டு, முன்பின் தெரியாத பெண்களோடு ஒரே அறையில் படுத்தெழுந்துகொண்டிருந்தார். தெரிந்தவர்கள் உண்மை சொல்ல மாட்டார்களாம்.

முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். குறட்டையை இஸ்திரியம்மாவிடமே குறையாகச் சொன்ன புண்ணியவதி அவர்தான். அடுத்து வந்தவர் வங்கி மேலாளர். இஸ்திரியம்மா பழக்க தோஷத்தில் அவருடைய பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்து மடித்து அடுக்க, "என் உள்பாவாடைமேலகூட எனக்கு அதிகாரம் இல்லையா?" என்று அந்த அம்மாள் வரவேற்பு மேசைவரை போய்விட்டார். அன்றோடு பிறர் துணியைத் தொடுவதில்லை என்று விரதம். எனக்கு முந்தைய வாரம் ஒரு மாமியார். மகனும் மருமகளும் தேனிலவுக்குப் புறப்பட்டதைப் பார்த்து, மனசு கேட்காமல் அதே கப்பலில் தானும் ஏறியவர். விளக்கை அணைத்த பிறகு இஸ்திரியம்மா "தூங்கிட்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டே தன் தூக்கத்தைக் கெடுத்ததாக அவர் குறை சொன்னார். ஆகவே என்னிடம் அந்தக் கேள்வி வரவில்லை.

விரதம் நிஜமா என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. வயதானால் வேறென்ன பொழுதுபோக்கு. என் சால்வையைக் கசக்கி நாற்காலியில் எறிந்துவிட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். இஸ்திரியம்மா அதைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து மூடினார். பிறகு, "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று வெளியே போனவர் நீச்சல்குளத்தைச் சுற்றியிருந்த சாய்வு நாற்காலிகளின் துண்டுகளையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டுத்தான் வந்தார். அதில் ஒரு துண்டின்மேல் ஆள் படுத்திருந்ததாகக் கேள்வி.

துணியைத் தொடவில்லையே தவிர, மற்றதெல்லாம் நடந்தது. நான் எழுந்திருப்பதற்குள் என் கண்ணாடி துடைத்துத் தயாராக இருக்கும். செருப்பு காலை நுழைக்க வாகாகத் திரும்பியிருக்கும். முழங்கால் தைலத்தின் மூடி திறந்திருக்கும். முதல் இரண்டு நாள் மகாராணியாக இருந்தேன். மூன்றாம் நாளிலிருந்து, எனக்கே தெரியாமல் எனக்கு என்னவோ வியாதி வந்திருக்கிறது என்று சந்தேகம் தட்டியது. பதிலுக்கு ஏதாவது செய்யலாம் என்று விடிந்தும் விடியாததுமாகப் போய் இரண்டு கோப்பை டீ வாங்கிக்கொண்டு வந்தால், அவர் குடித்து முடித்து, எனக்கும் ஒன்று வாங்கி மூடி வைத்திருந்தார். கடல் கொந்தளித்த அன்று அவருக்கு வாந்தி. குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, நான் தட்டத் தட்டத் திறக்காமல், தானே கழுவித் துடைத்து, முகத்துக்குப் பவுடரும் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே, டீச்சர்?" என்றார்.

கடைசி நாள் சாயங்காலம் பெட்டியைக் கட்டித் தாழ்வாரத்தில் வைத்துவிட வேண்டும். என் பெட்டி மூட மறுத்தது. அவர் ஏறி உட்கார்ந்து மூடினார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"ம். சொல்லுங்க."

"குறை ஒண்ணும் இல்லைங்க."

"அது பதில் இல்லை, டீச்சர். நாளைக்கு மத்தியானம் அக்கா வந்துடுவா. இதுக்கப்புறம் எனக்குக் கேக்க ஆள் இல்லை."

விளையாட்டாக எதையாவது சொல்லி வைக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பெட்டியை இறுகப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்ததும் விளையாட்டு வரவில்லை.

"இந்த ஒரு வாரத்துல நீங்க என்கிட்ட ஒரு டம்ளர் தண்ணிகூட கேக்கலை."

"எனக்குக் கை இருக்கே."

"எனக்கும் இருக்குங்க. அது ஞாபகமே இல்லாமப் போயிடுச்சு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதெல்லாம் ஒரு குறையா? குறட்டைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆஸ்பத்திரியில என்னை யாரும் ஒரு சொல் சொன்னது கிடையாது."

"ஆஸ்பத்திரியில இருக்கறவங்களுக்கு அது சரி. உங்க அக்கா நோயாளியா?"

"முழங்கால் வலி. கைத்தடி வெச்சிருக்கா."

"நானும்தான் தைலம் தேய்க்கறேன். அதுக்காக என் டீயை நானே வாங்கிக்கக் கூடாதா?"

இஸ்திரியம்மா பெட்டியிலிருந்து இறங்கி, அதைத் தாழ்வாரத்துக்குத் தானே இழுத்துப் போனார். நான் பிடிக்கப் போன கைப்பிடியை, வழக்கம்போல, அவரே பிடித்துக்கொண்டார். பாதி வழியில் நின்றார். கைப்பிடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் என்னிடம், "அந்த உப்பைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க" என்றார். உப்பு அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. எழுந்து சுற்றிக்கொண்டு போய் எடுத்துக் கொடுத்தேன். கசப்பு மருந்து குடித்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டார். அப்புறம் கைக்குட்டை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையின் பிடிவாதம் அதில் இருந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் களைத்துப்போனேன்.

இறங்குகிற வரிசையில் நான் நிற்கவில்லை. தொடர் பயணி அட்டை ஒன்றை நானும் வாங்கி மாட்டிக்கொண்டேன். முழங்காலுக்குக் கடல்காற்று இன்னும் ஒரு வாரம் தேவை என்று டாக்டர் சொன்னதாக மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எந்த டாக்டர் என்று கேட்டான். பல் டாக்டர் என்றேன். தாழ்வாரத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. கதவைத் திறந்து வைத்து, கையில் ஒரு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மத்தியானம் அக்கா வந்தார். தங்கையைவிடக் குட்டை, தங்கையைவிட நிமிர்ந்த முதுகு. பெட்டியைத் தூக்க வந்த பணியாளரைக் கைத்தடியால் ஓரங்கட்டிவிட்டு உள்ளே போனார்.

"இதென்னடி, ரூமா, டப்பாவா?"

"டப்பாதான். உக்காரு."

"உக்காரச் சொல்லாதே. வந்ததும் ஆரம்பிக்காதே, சொல்லிட்டேன்."

அக்கா கப்பல் விரிப்பை நம்புகிறவர் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த அகலமான விரிப்பு ஒன்றைப் பெட்டியின் அடியிலிருந்து உருவினார். மடிப்பென்று அதில் எதுவும் இல்லை, சுருட்டித் திணித்திருந்தார். இஸ்திரியம்மாவின் கை பாய்ந்து போய் அதை வாங்கிவிட்டது. அந்தக் கையைத் தடுக்க அவராலேயே முடிந்திருக்காது. இரண்டு முனைகளைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டி, நடுவைத் தாடையால் அழுத்திக்கொண்டு, ஒற்றை ஆளாக மடிக்கப்போனார்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. பார்வை செருப்பின் பக்கம் போயிற்று.

இஸ்திரியம்மா தாடையை விடுவித்தார். விரிப்பு சரிந்து, மறுபாதி தரையில் விழுந்தது. தரையில் பட்ட துணியை மறுபடி வெந்நீருக்கு அனுப்பாமல் விட்டதில்லை என்று என்னிடம் பெருமை பேசியவர், அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு கையிலிருந்த இரண்டு முனைகளையும் அக்காவை நோக்கி அகல நீட்டினார்.

"அந்தப் பக்கத்தை நீ பிடி அக்கா. தனியா வரலை."

"கீழ கிடக்குது பாரு."

"கிடக்கட்டும். எடு."

அக்கா தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். ஒரு கையால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் முனக, கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தார். ஒரு முனை அகப்பட்டது. மற்றொன்று கட்டிலுக்கடியில் போயிருந்தது. அதற்காக இன்னும் குனிய வேண்டியிருந்தது. இஸ்திரியம்மா ஓரடி முன்னால் வைக்கவில்லை. விரிப்பை நீட்டிப் பிடித்தபடியே நின்றார்.