நண்டுக்கு ஒரு சங்கு

பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த நாட்கள். ஆடிச் சாரல் சமயத்தில் கல்லூரிக்குச் சேர்ந்தாற்போல் சில நாள் லீவு விட்டார்கள். மற்றவர்கள் நேரே ஊருக்கு ரயிலேற, நான் தூத்துக்குடிக் கடற்கரைக்கு ஓடினேன். அங்கிருந்து குற்றாலத்து வீட்டுக்குப் புறப்பட்டபோது என் கையில் ஒரு மண்பானை. எங்கள் வீட்டில் கடலைப் பார்த்தவர் யாரும் கிடையாது. கடலில் ஒரு பிடியையாவது கொண்டுபோய் அம்மாவிடம் காட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

பானையில் கடல் தண்ணீர், பாசி படர்ந்த ஒரு பாறைத் துண்டு, ஒரு துறவி நண்டு. இந்த நண்டுக்கு முன்பாதிதான் கெட்டி. பின்பாதி வெறும் சதை. அதனால் செத்துப்போன சங்கு எதிலாவது வாலை நுழைத்துக்கொண்டு, வீட்டையும் இழுத்துக்கொண்டே திரியும். என் நண்டு அந்த வீட்டின் கூரையில் ஒரு கடல் சாமந்தியையும் வைத்திருந்தது. பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் அதுவும் பிராணிதான். அதன் இதழ்கள் சுணையாய்க் கடிக்கும். அதற்குப் பயந்து எதிரி கிட்ட வராது. நண்டு தின்று சிந்துவதைச் சாமந்தி பொறுக்கிக்கொள்ளும். வழியெல்லாம் பானைத் துணியை விலக்கி விலக்கிப் பார்த்ததில், ரயிலில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டார்.

தென்காசி ஸ்டேஷனில் ஒற்றை மாட்டு வண்டி பிடித்தேன். குற்றாலத்துக்குப் பாதி வழியில் சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. பானை வைக்கோலில் சாய்ந்து உருண்டது. நிமிர்த்திப் பார்த்தேன். தண்ணீர் பாதிதான் மிச்சம். பாறைத் துண்டு உருண்டு மோதியதில் சங்கு இரண்டாக உடைந்து கிடந்தது. பெரிய துண்டில் சாமந்தி சுருங்கி ஒட்டியிருந்தது. நண்டு வாலைச் சுருட்டிக்கொண்டு ஓரமாய் நின்றது.

வண்டிக்காரர் ஒரு மருதமரத்தடியில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, பின்னால துணி இல்லாம நிக்குது!”

“சங்கு உடைஞ்சிட்டு அண்ணாச்சி. வேற சங்கு கிடைக்கலைன்னா செத்துப்போகும்.”

“சாகவா? இருங்க, இருங்க.” வண்டிக்கடியில் தொங்கிய குடுவையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். “அருவித் தண்ணி. காலையில பிடிச்சது. இதுக்குக் கேக்காத நோவு உண்டா? கொஞ்சம் ஊத்துதேன்.”

நான் பாய்ந்து பானையை இரண்டு கையாலும் மூடினேன். “ஐயோ, இது உப்புத் தண்ணிப் பிராணி! நல்ல தண்ணி ஊத்துனா இப்பவே போயிரும்!”

“எங்கெங்க இருந்தோ வந்து விழுந்து குளிச்சிட்டுப் போறான். இதுக்கு மட்டும் ஆகாதாக்கும்?” என்று முனகினாலும் குடுவையை வைத்துவிட்டார். அவர் முகத்தில் என்னைவிடக் கவலை.

அப்போதுதான் மாட்டைப் பார்த்தேன். கழுத்தில் கறுப்புக் கயிற்றில், மஞ்சள் பூசிய சங்கு ஒன்று. அளவு சரியாக இருக்கும்போல் தோன்றியது. எப்படிக் கேட்பது? கண் திருஷ்டிக்குக் கட்டியதை அவிழ்க்கச் சொல்லலாமா?

“அங்கன என்ன பாக்குதீங்க?” என்றார். நான் பார்த்த இடத்தை அவரும் பார்த்துவிட்டார். “அடப்பாவி தம்பி! சித்திரையில மாடு கழிஞ்சு கழிஞ்சு படுத்துட்டு. எம் பொண்டாட்டி இந்தச் சங்கைக் கட்டின பொறவுதான் எந்திச்சுது. அவுத்துட்டுப் போனா அவ எனக்குச் சோறு போடுவாளா?”

“நான் கேக்கலையே அண்ணாச்சி.”

“வாயால கேக்கலை.”

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவர் மறுபடி பானைக்குள் பார்த்தார். நண்டு உடைந்த துண்டு ஒன்றில் வாலைச் செருகப் பார்த்தது, துண்டு கவிழ்ந்தது. மறுபடி செருகியது.

“சீ, பாவம்,” என்று மாட்டிடம் போனார். “ஏலே, சும்மா நில்லு. உனக்கு நாந்தான் இருக்கேம்லா.” கயிற்றை அறுத்து, சங்கைத் துண்டால் துடைத்து என்னிடம் நீட்டினார். இடுக்கிலிருந்த மஞ்சள் போகவில்லை.

பானையில் இறக்கினேன். நண்டு தொடவில்லை. பிறகு ஒரு கொடுக்கால் தட்டியது. சங்கின் வாய்க்குள் கொடுக்கைவிட்டுத் துழாவியது, உருட்டியது.

“வீடு பாக்க வந்த மாதிரியில்லா பாக்குது,” என்றார்.

சட்டென்று ஒரு சுழற்சி. வால் உள்ளே போய்விட்டது. வண்டிக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். அதோடு முடியவில்லை. நண்டு பழைய துண்டுக்குப் போய்ச் சாமந்தியின் அடியைத் தட்டித் தடவிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துச் சாமந்தி பிடியை விட்டது. அதைத் தூக்கி நண்டு புதுச் சங்கின் முதுகில் வைத்துக்கொண்டது.

“கூட இருந்ததை விட்டுட்டு வரலை பாத்தீங்களா,” என்றார் தணிந்த குரலில்.

பானையில் இருந்த தண்ணீர் மறுநாளைக்கு மேல் தாங்காது. வீட்டுக்குப் போனால் எல்லாரும் ஆசையாகப் பார்ப்பார்கள். பார்த்து முடிப்பதற்குள் இரண்டும் செத்திருக்கும்.

“வண்டியைத் திருப்புங்க அண்ணாச்சி. சாயந்தர ரயிலைப் பிடிக்கணும்.”

“வீடு?”

“நாளைக்கு வந்துக்கிடுதேன்.”

“சரிதான். அங்கன போயி எம் மாட்டுக்கு ஒரு சங்கு கொண்டாந்திருங்க. அதுவரை அவகிட்ட, குளத்துல விழுந்துட்டுன்னு சொல்லுதேன்.”

மறுநாள் விடியலில் தூத்துக்குடியில் முழங்கால் தண்ணீரில் நின்று பானையைச் சாய்த்தேன். நண்டு மணலில் விழுந்து கொஞ்சம் அசையாமல் கிடந்தது. அப்புறம் கால்களை நீட்டி நடந்தது. சாமந்தி மெல்ல இதழ் விரித்தது. மஞ்சள் பூசிய சங்கு பாசிக்குள் மறைகிறவரைக்கும் நின்றுவிட்டு, சங்குக்கடை எங்கே என்று விசாரிக்கப் போனேன்.