கரியாலூர் பஸ்ஸில் கோமதி அக்காவின் குரல்

நாங்கள் வீட்டில் சொன்னால் சண்டையில் முடிகிற ஒரு விஷயத்தை, கோமதி அக்கா வானொலியில் சொன்னால் மட்டும் என் மாமியார் அடுப்பைத் தணித்துவிட்டு நின்று கேட்கிறாரே, அது ஏன்? ஒரு நாள் முழுக்க அக்காவோடு பயணம் செய்து வந்துவிட்டேன். இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

கோமதி அக்கா எங்கள் பகுதிச் சிறு வானொலியில் தினமும் காலை பத்து மணிக்குப் பேசுகிறவர். பெண்ணுக்குக் கூலி ஏன் குறைவு, டீக்கடையில் தனி டம்ளர் ஏன், பதினாறு வயதில் கல்யாணம் ஏன் என்று அவர் கேட்காத கேள்வி இல்லை. அந்த நிகழ்ச்சிக்கு நான் அவ்வப்போது குரல் பதிவு அனுப்புவேன். அதைக் கேட்டுத்தானோ என்னவோ, போன வாரம் அவரே கூப்பிட்டார். "வாரத்துல ஒரு நாள் நிகழ்ச்சிய நீ நடத்தேன். ஒரு நாள் எங்கூட சுத்திப் பாரு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லு." கணவர், "உன் இஷ்டம்" என்றார். அது சம்மதமா, சலிப்பா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

காலை 6.10. நைனார்பாளையம். பதினான்கு மாத மகன் இனியனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவன் இன்னும் தாய்ப்பால் குடிப்பதால் விட்டுவிட்டுப் போக முடியாது. வெந்நீர், குல்லாய், காய்ச்சல் மருந்து, மாற்றுத் துணி எல்லாவற்றையும் என் நாத்தனார் சுமதிதான் பையில் அடுக்கிக் கொடுத்தாள். சுமதிக்கு இருபத்தாறு வயது. கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். பை இத்தனை கச்சிதமாக இருந்தும் தெர்மாமீட்டரை விட்டுவிட்டோமே என்று சின்னசேலம் வரை கவலைப்பட்டேன். அது பையின் அடியில்தான் இருந்தது.

காலை 7.40. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம். கோமதி அக்கா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். அன்றைய பத்து மணி நிகழ்ச்சியை முந்தின நாளே பதிவு செய்துவிட்டாராம். நாற்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை, அதற்குள் கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவி. டீ பன்னிரண்டு ரூபாய். குடித்துவிட்டுத் தியாகதுருகம் பஸ்ஸைப் பிடித்தோம். பன்னிரண்டு கிலோமீட்டர். நகரப் பேருந்து என்பதால் எங்களுக்குக் கட்டணமில்லை.

காலை 8.30. தியாகதுருகம். கோட்டை மலை தெரிகிற ஒரு மக்காச்சோளக் கொல்லையில் ஏழெட்டுப் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே வானொலி என்பது ஒவ்வொருத்தியும் இடுப்பில் செருகியிருக்கிற கைப்பேசிதான். கோமதி அக்கா வரப்பில் நின்றபடியே சண்டையைத் தொடங்கிவிட்டார்.

"இன்னா சின்னப்பொண்ணு யக்கா, ஆம்பளைக்கு எவ்ளோ கூலி, உனக்கு எவ்ளோன்னு கேட்டா மட்டும் காது அடைச்சுக்குதா?"

களைக்கொத்தோடு நிமிர்ந்த சின்னப்பொண்ணு விடவில்லை. "நீ ரேடியோவுல கத்திட்டுப் பூடுவ. நாளைக்கு இதே கொல்லைக்கு நாந்தான வரணும்?"

"நீ கத்தாத. நான் கத்தறேன். நீ களை எடுத்துக்கினே சிரி, போதும்."

குடையோடு நின்றிருந்த நிலக்காரர் குறுக்கே வந்தார். "எம்மா, ரேடியோவுல எம்பேர சொல்லிப்புடாத."

"பேரு சொல்ல மாட்டேன் மாமா. உங்க கெணத்து அடையாளத்த சொல்லுவேன்."

அவரும் சிரித்துவிட்டார். கூலி அன்றே ஏறிவிடவில்லை. ஆனால் அவர் அங்கிருந்து போகாமல் கூலியைப் பற்றி அரை மணி நேரம் வாதாடினார். நான் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் ஐந்தாம் நிமிடமே அவர் முகம் சிவந்திருக்கும். சமவெளியில் கேலி கலந்து கேட்டால் எதையும் கேட்கலாம் போலிருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

காலை 10.40. கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி, கரியாலூர் பஸ்ஸில் ஏறினோம். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். கச்சிராயபாளையம் வரை கரும்பும் நெல்லும். கோமுகி அணையைத் தாண்டியதும் வளைவுகள். மூன்றாவது வளைவிலேயே இனியன் என் புடவை மேல் வாந்தி எடுத்தான். கூட்டி வந்தது தப்பு என்று என்னையே திட்டிக்கொண்டு துடைத்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தைப் பின்னால் கொடுத்தனுப்பினார். "மோந்து பாக்க வைம்மா. மலைக்கு வர்ற எல்லா புள்ளையும் ஒரு தபா எடுக்கும்."

பிறகு அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். பஸ்ஸுக்குள் கோமதி அக்காவின் குரல்!

மலையில் பல ஊர்களுக்கு வானொலி அலை எட்டாது. அதனால் மலைக்கென்று தனியாகப் பதிவு செய்த நிகழ்ச்சியைப் பென் டிரைவில் ஏற்றி இந்த ஓட்டுநரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் போடுகிறார். ஆனால் நான் தினமும் கேட்கிற குரல் இல்லை அது. கேலி இல்லை, அதட்டல் இல்லை. அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்கிறார், பிறகு மலைப் பெண் ஒருத்தி நீளமாகப் பேசுகிறாள். பள்ளிக்கூடம் விட்டு நடந்து வருகிற பாதையில் வெளிச்சமில்லை, அதனால்தான் வயசுக்கு வந்த பெண்ணை நிறுத்திவிட்டோம் என்கிறாள். பஸ்ஸில் ஆண்களும் பெண்களும் மூட்டைகளுக்கு நடுவே ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் மட்டும், "மெய்தான்" என்றார்.

"ஏன்க்கா இங்க மட்டும் இப்படி அடக்கமா பேசறீங்க?" என்று கேட்டேன்.

"கொல்லையில ஒவ்வொருத்தியும் தனித்தனியா கேக்கறா. திட்டுனா அது பக்கத்து வூட்டுக்காரிக்குன்னு நெனச்சு ரசிப்பா. இங்க எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து கேக்கறாங்க. நான் திட்டுனா பஸ்ஸே திரும்பி ஒரு ஆளப் பாக்கும். அந்த ஆளு அடுத்த ஊர்ல எறங்கிடுவான். அப்புறம் எங்குரல கேக்கவே மாட்டான்."

நண்பகல் 12.30. கரியாலூர். காற்றில் குளிர் இருந்தது. இனியனுக்குக் குல்லாய் போட்டேன், கழற்றினேன், மறுபடி போட்டேன். ஒரு வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் காய்ந்த கடுக்காயைத் தட்டித் தோலையும் கொட்டையையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோமதி அக்கா ஒலிப்பதிவுக் கருவியை என் கையில் கொடுத்துவிட்டு, இனியனை வாங்கிக்கொண்டார். "நீ பேசு."

என் வயதே இருந்த பொன்னி என்பவளிடம், வீட்டில் யார் யார் என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு புள்ளைங்க. அதுங்க அப்பா காய்ச்சல்ல பூட்டாரு."

"ஐயோ பாவம். இந்த வயசுலயா? தனியா எப்படித்தான் சமாளிக்கறீங்க?" என்றேன். எனக்குச் சுமதி ஞாபகம் வந்துவிட்டது.

பொன்னி என்னை விநோதமாகப் பார்த்தாள். "நான் ஏன் தனியா இருக்கணும்? தோ, மூட்டை தூக்கிக்கினு போறாரே, அவருதான் இப்ப எங்க வூட்டுக்காரரு. ஊருப் பெரியவங்க கூடிச் சேத்து வுட்டாங்க."

"அப்படியா... யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"இன்னா சொல்லுவாங்க? ஏன், உங்க ஊர்ல இன்னா பண்ணுவாங்க?"

நான் கையிலிருந்த கருவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள். "கீழ்நாட்டுப் பொண்ணு, வுடு. அவங்க ஊர்ல செத்தவனுக்குத் தொணையா பொண்டாட்டிய ஒக்கார வெச்சுடுவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். கோமதி அக்கா பதிவை நிறுத்தச் சொல்லவே இல்லை. கடைசியில் பொன்னியிடம் மட்டும், "இதை ரேடியோவுலயும் பஸ்ஸுலயும் போடட்டுமா?" என்று கேட்டார்.

"போடு. பஸ்ஸுல எல்லாரும் சிரிக்கட்டும்" என்றாள் பொன்னி.

பிற்பகல் 3.15. இறங்குகிற பஸ். இனியன் என் மடியில் தூங்கிவிட்டான். "நான் கெடுத்துட்டேன்க்கா. அந்த எடத்த வெட்டிடுங்க" என்றேன்.

"வெட்ட மாட்டேன். போன வருஷம் நான் இதே விஷயத்தக் கீழ பேசுனேன். 'மலையில பாருங்க, பொம்பளைக்கு மறுகல்யாணம் சாதாரணம், நம்ம கத்துக்கணும்'னேன். ஒரே வசவு. 'எங்களுக்கு மலைக்காரங்கள உதாரணம் காட்டறியா'ன்னு. நான் பாடம் நடத்துனேன், அதான் தப்பு. நீ நடத்தல. நீ பதிலு தெரியாம முழிச்ச. கேக்கற ஒவ்வொருத்தியும் உன்கூடச் சேந்து முழிப்பா. கீழ ரேடியோவுல உன் மொத நிகழ்ச்சி இதுதான். ஆனா உன் குரலு உங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அதனால நீ சரின்னு சொன்னாத்தான் போடுவேன்."

இவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. சரி என்று தான் நம்புவதைச் சொல்ல அவர் ஒரு நாளும் பின்வாங்குவதில்லை. ஆனால் தான் ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பதே இல்லை. கேட்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், யாரோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அவருக்கு முக்கியம். வயலுக்கு ஒரு வாய், மலைக்கு ஒரு வாய். நியாயம் மட்டும் ஒன்றேதான்.

மாலை 6.30. நைனார்பாளையம். வாசலிலேயே சுமதி இனியனை வாங்கிக்கொண்டாள். "மலை எப்படி இருந்துச்சு அண்ணி?" என்றாள்.

நான் அருவியைப் பற்றிச் சொன்னேன். நான் அருவிப் பக்கமே போகவில்லை. பொன்னியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார், "கோமதிய பாத்தியா? இன்னா சொன்னா?" என்று ஆசையாகக் கேட்டார். "நல்லா பேசினாங்க அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிவை அக்கா என் கைப்பேசிக்கும் அனுப்பியிருக்கிறார். சுமதியைத் தனியே கூப்பிட்டுக் கேட்கக் கொடுக்கலாம். ஆனால் இந்த வீட்டைவிட்டு அனுப்பப் பார்க்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டால்? சொல்லாமல் ஒலிபரப்பச் சம்மதிக்கலாம். அப்படிச் செய்தால், ஊரே கேட்கும் நேரத்தில் அவள் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அது அவளுக்காகச் சொல்வதா, எனக்காகவா?

படிக்கிறவர்கள் எனக்கு வழி சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சுமதியைப் போல ஒருத்தி இருந்தால், முதலில் அவளிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். உனக்கு என்ன வேண்டும் என்று இரண்டு வருடமாக நான் அவளிடம் கேட்டதே இல்லை.