சேவ் பண்ணிய சீட்

எங்கள் வீட்டில் ‘சேவ்’ என்ற சொல் புழங்குகிற அளவுக்கு இங்கிலீஷ்காரன் வீட்டிலேயே புழங்காது. ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கிப் போடாதே, சேவ் பண்ணு, சம்பல் வைக்கலாம். கேஸ் கொண்டுவருகிறவர் நம்பரை சேவ் பண்ணு. ஏர்கோனை அடை, கரண்ட் சேவ் ஆகும். டிவியில் கோல்கீப்பர் பாய்ந்து பந்தைத் தடுத்தால் என் வீட்டுக்காரர் “நல்ல சேவ்” என்பார். அவர் அந்தச் சொல்லைச் சந்தோஷமாகச் சொல்வது அப்போது மட்டும்தான். தமிழில் சேமி, காப்பாற்று, எடுத்துவை, பிடித்துவை என்று வேலையை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலீஷில் ஒரே ஆள் நாலு ஷிப்ட் பார்க்கிறான்.

அந்த நாலில் எனக்குக் கைவந்தது ஒன்றுதான்: பஸ்ஸில் சீட் சேவ் பண்ணுவது.

கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கண்ணுக்குத் தெரியாத பொடிச் சாமான்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்க வேண்டும். கம்பெனி பஸ் சுங்கை லாலாங்கில் எங்கள் குடியிருப்பு வாசலில்தான் புறப்படும். முதல் ஆளாக நான் ஏறுவேன். நாலாவது நிறுத்தத்தில் அக்கா ஏறுவார். கூடப் பிறந்தவர் இல்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் பக்கத்து லயத்து வீட்டுக்காரர், இப்போது தொழிற்சாலையில் எதிர் மேசைக்காரர். மேசையில் வாய் திறந்தால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். ஆகவே எங்களுக்குப் பேச்சு என்றால் பஸ்ஸில் போகும் ஐம்பது நிமிடம்தான். அந்த ஐம்பது நிமிடத்துக்காகவே ஆறு வருடமாக அக்காவுக்கு சன்னலோர சீட்டைப் பிடித்துவைத்தேன்.

எங்கள் பஸ்ஸில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சீட்டில் சோற்றுப் பை இருந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கைக்குட்டை செல்லாது, குடை செல்லாது. சோற்றுப் பையை மட்டும் யாரும் நகர்த்தமாட்டார்கள். அடுத்தவர் சோற்றைத் தள்ளிவைத்தால் பாவம் என்று நம் ஆட்கள் ஆரம்பித்ததை மலாய்க்காரப் பெண்களும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். என் பை சிவப்பு. அது சன்னலோரம் உட்கார்ந்தால் அக்காவே உட்கார்ந்த மாதிரி.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை அக்கா பஸ்ஸுக்கு வரவில்லை. ஆனால் மேசையில் இருந்தார். வேலை முடிந்து கைகழுவும் இடத்தில் கேட்டேன்.

“மகன் மோட்டார்ல ஏத்தி வந்து விட்டுட்டான்மா,” என்றார்.

மறுநாளும் மகன், அதற்கு மறுநாளும் மகன். நானோ தினமும் பையை வைத்துக்கொண்டே இருந்தேன். எந்த நாளும் வரலாம், வரும்போது சீட் இல்லாமல் நிற்கக்கூடாது என்று எண்ணம். இரண்டாவது வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி மூன்றாவது நிறுத்தத்தில் ஏறினாள். எல்லா சீட்டும் நிறைந்திருந்தது.

“அக்கா, இங்க ஆள் இருக்கா?”

“வருவாங்கம்மா. சேவ் பண்ணியிருக்கு.”

நாலாவது நிறுத்தம் தாண்டியும் நான் பையை எடுக்கவில்லை. அந்தப் பெண் கூலிம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் சோற்றுப் பை சன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. எனக்கு அப்போது வெட்கமாக இல்லை. நட்பு என்றால் இதுதான் என்று பெருமையாகக்கூட இருந்தது.

இறங்கும்போது டிரைவர் அண்ணன் கூப்பிட்டார். “யாருக்குமா தினமும் பைய வைக்கிற? அவங்கதான் ரெண்டு வாரமா ரெண்டாம் நம்பர் பஸ்ல வராங்களே.”

ரெண்டாம் நம்பர் பஸ் எங்கள் பஸ்ஸைவிட முன்னால் புறப்பட்டு, தோட்டங்களையெல்லாம் சுற்றிவிட்டு, அதே நேரத்துக்குத்தான் வந்து சேரும். வேறு வழி இருக்கிற யாரும் அதில் ஏறமாட்டார்கள். பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. என் பக்கத்தில் உட்காராமலிருக்க அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கிறாரே, அதுதான் சுருக்கென்று தைத்தது. அன்றைக்குக் கண்ணாடி வழியாக எது நல்லது எது கெட்டது என்று எனக்குத் தெரியவே இல்லை.

சாயங்காலம் அக்காவை வழிமறித்துக் கேட்டேன்.

“தூங்கத்தான்லா போறேன். மாமியார் விழுந்து படுத்ததிலேர்ந்து ராத்திரி மூணு தடவ எழுப்புறாங்க. அந்த பஸ்ல யாரையும் தெரியாது. ஏறினா கண்ண மூடிக்கலாம்.”

“நம்ம பஸ்லயும் தூங்கலாமே. சீட்டு இருக்கே.”

“நீ எனக்காக சீட்டு புடிச்சு வச்சிருப்ப. அதுல உக்காந்துகிட்டு எப்படிமா உன்ன பேச வேணாம்னு சொல்றது?”

மாமியார் எப்போது விழுந்தார் என்று கேட்டேன். நாலு மாதம் ஆகிவிட்டதாம். அவர் பஸ் மாறும் வரைக்கும் தினமும் ஐம்பது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து என் நாத்தனார் கதையையும் பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் மீன் விற்ற விலையையும் சொல்லியிருக்கிறேன். அக்கா “உம்” கொட்டியிருக்கிறார். அவர் வீட்டில் என்ன என்று ஒரு நாள் கேட்டிருந்தால் போதும். கேட்க எனக்கு எங்கே நேரம்?

ஒரு வாரம் எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியாததால் வீட்டுக்காரர் மேல் காட்டினேன். அதற்கப்புறம் பையை மடியில் வைத்துக்கொள்ளப் பழகினேன். புதுப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் நாளே அவள் வீட்டில் யார் யார் என்று விசாரித்துவிட்டேன். பாவம், அவள் காதில் ஒயரைச் செருகிக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள், மழை நேரம், நாலாவது நிறுத்தத்தில் அக்கா ஏறினார். புதுப் பெண்ணுக்கு அன்று லீவு. முன்னால் மூன்று சீட் காலி, என் பக்கமும் காலி. என் பை மடியில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார், என்னைத் தாண்டி சன்னலோரம் உட்கார்ந்தார். “பசியாறியாச்சா?” என்றார். “ஆச்சு,” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பஸ் மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. லேசாகக் குறட்டைகூட. அவரிடம் சொல்வதற்கென்று அத்தனை வாரத்துச் செய்திகளைச் சேர்த்துவைத்திருந்தேன். கூலிம் வருவதற்குள் அதில் பாதி மறந்துபோனது. தோள் மரத்துவிட்டது. நான் அசையவில்லை.