நகராத விண்கலமும் நானும்

பொலிஸ் பதிவில்லாமல் தமிழருக்கு அறை கிடைக்காத போர்க்காலம். கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் நாங்கள் ஆறு பேர், ஒரு ஞாயிறு மத்தியானம், கசெற் போட்டுப் பார்த்த படம் அது. விண்கலம் ஒன்று இருட்டில் நகர்வதுபோலவும் இல்லை, நிற்பதுபோலவும் இல்லை. உள்ளே இருந்தவன் வாயே திறக்கவில்லை. அரை மணி நேரத்தில் சண்டை தொடங்கிவிட்டது.

"இதெல்லாம் ஒரு படமே? கழட்டுங்கோ கசெற்றை" என்றார் பக்கத்து அறைக்காரர். எனக்கும் அதே எரிச்சல்தான். ஒரு கிழமைக்கு முன்தான் லொட்ஜுக்கு வந்திருந்த ஒருவர் மட்டும், "அருமையான படம், முழுக்கப் பார்ப்பம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கண்றாவியை எவன் ரசிப்பான்? லொட்ஜுக்கு ஒருவன் எங்களைப் பொலிஸுக்குக் காட்டிக்கொடுக்கவென்றே இருப்பான் என்று நாங்கள் நம்பிய நாட்கள். ஆறு பேரையும் ஓர் அறையில் இருத்திவைத்து, யார் என்ன கதைக்கிறோம் என்று கேட்கத்தான் படத்தைப் புகழ்கிறான் என்று முடிவு கட்டினேன். அதன்பின் நான் திரையைப் பார்க்கவேயில்லை. அவருடைய முகத்தையே பார்த்தேன். அவரோ விண்கலத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நல்ல நடிகன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் பெட்டியுடன் படியிறங்கினார். "என்ன, போறியளோ?" என்றேன். என்னைப் பார்க்காமலே வாசலைத் தாண்டினார்.

அவர் தெருவுக்குப் போனதும் லொட்ஜ் மனேஜர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அவர் உமக்குப் பயந்துதான் போறார். எல்லாரும் படத்தைப் பார்க்க, நீர் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தீராம்."

சொல்லிவிட்டு மனேஜரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.